உள்ளூரே, உள்ளூரே

மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

கல்லூரி அலுவலக வாசலில், சேர வந்த பிள்ளைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் வயதில் இருந்தவர்களெல்லாம் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்.

பேச்சும் எழுத்தும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று இது. உள்ளூர், மாலை வகுப்பு. இன்னொன்று கோயம்புத்தூர். விடுதியில் தங்க வேண்டும்.

இங்கே இன்று கடைசி நாள். அங்கே நாளை. டி.சி.யை ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான்.

போன் அடித்தது. கணவர்.

“ரெண்டும் ஒரே படிப்புதானே. உள்ளூர்லயே சேர்ந்துட்டு வா. ஞாயித்துக்கிழமை பேச்சு இன்னும் என் கைக்கு வரலை.”

‘சிரிப்பு மாமழை’ தணிகாசலம். பட்டிமன்றப் பேச்சாளர்.

மேடையில் பொழிவது அவர். வீட்டில் உட்கார்ந்து எழுதுவது அவள்.

ஞாயிற்றுக்கிழமைத் தலைப்பு: ‘பெண்ணுக்கு நிம்மதி வீட்டிலா, வேலையிலா?’ அவர் எப்போதும் வீட்டு அணி. அடுப்படியில் நின்றபடியே தூங்கிப்போன மனைவியின் கதையைச் சொல்வார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தத் தூக்கத்துக்கு ஊர் ஊராகச் சிரித்திருக்கிறார்கள்.

அவளுக்கு அலுத்துவிட்டது. கோபம்கூட இல்லை. அலுப்புதான்.

சரி, உள்ளூரே இருக்கட்டும்.

இந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பையை மடியில் வைத்து அதன்மேல் எழுதினாள். கை தானாக ஓடியது. அலைச்சல் மிச்சம். வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். வாசலைத் தாண்டாமல் வானத்தைத் தொடுபவள்தான் பாக்கியசாலி. நடுவில் ஒரு சிரிப்பு. முடிவுக்குச் சற்று முன்னால் கொஞ்சம் கண்ணீர்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள்.

கடைசி வரி: ‘ஆகவே, நடுவர் அவர்களே, உள்ளூரே, உள்ளூரே என்று கூறி அமர்கிறேன்.’

முதலில் சிரிப்பு வந்தது.

மறுபடி படித்தாள். நல்ல பேச்சு. கைதட்டல் நிச்சயம். ஆனால் அதில் அவளுடைய காரணம் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவர் மேடையில் சொல்வது.

சன்னலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. டி.சி. கேட்டது.

அவள் தாளை மடித்தாள். டி.சி.யோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள்.

வெளியே நல்ல வெயில். பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தே போனாள். கோயம்புத்தூர் பேருந்து எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன்.

“சேர்ந்துட்டியா? பேச்சு என்னாச்சு?”

“இந்த வாட்டி நான் எதிரணிங்க.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எந்த மேடையிலும் அவர் இப்படி நின்றதில்லை.

பழக்கதோஷம். அவருக்கான அடுத்த வரி அவள் நாக்கு நுனிவரை வந்தது.

எடுத்துக் கொடுக்கவில்லை.