எட்டு விநாடிச் சந்தை

விலை உயர்வைச் சொல்லும்போதெல்லாம் உள்ளூர்ச் சேனலில் புதிதாகப் படம் பிடிப்பதில்லை. சேமிப்பில் இருக்கும் சந்தைக் காட்சியை எட்டு விநாடி ஓட்டுவார்கள். எடிட்டர் எப்போதும் ஒரே காட்சியைத்தான் எடுத்தார்.

"அந்தப் பச்சைக் குடை அம்மா ரெண்டு வருஷமா தக்காளி பொறுக்குறாங்க. இன்னுமாய்யா வாங்கி முடிக்கல?" என்றார் புதிய செய்தி ஆசிரியர்.

அறையே சிரித்தது.

"நல்லா வந்த ஷாட் சார்," என்றார் எடிட்டர்.

"இருக்கட்டும். இன்னைக்குப் புதுசைப் போடுங்க."

போட்டார்.

வீடு திரும்பியபோது, தாயில்லாத ஐந்து வயது மகள் அந்தப் பச்சைக் குடையை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"விலை ஏறிடுச்சுன்னு சொன்னாங்களேப்பா. அப்புறம் ஏன் அம்மா வரல?"