நூறு கிலோவுக்கு இரண்டரை லிட்டர்

நூறு கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் பால். அதற்குக் குறைந்தால் அரசு தரும் தீவனச் சீட்டு ரத்து. மாட்டையும் அன்றைக்கே அடிமாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஜெர்சி முந்நூற்றறுபது கிலோதான், பத்து லிட்டர் கறந்து தப்பித்துவிட்டது. தெய்வானையின் ஹோல்ஸ்டீன் கலப்புப் பசு பதினாலு லிட்டர் கறந்தது. ஆனால் எடை அறுநூறு கிலோ; பதினைந்து கறந்தாக வேண்டும்.

நாற்பது கிலோ குறைந்தால் போதும் என்று நினைத்தாள். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே தீவனத்தை நிறுத்தினாள். தண்ணீரையும் நிறுத்தினாள். மாடு காலித் தொட்டியை நக்கும் சத்தம் காதில் விழாமலிருக்க, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எடைமேடை ஐந்நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. தெய்வானை கும்பிட்டாள். ஆனால் முந்தின மாலைப் பாலும் அன்று காலைப் பாலும் சேர்ந்து எட்டே லிட்டர்தான்.

"என்னங்க்கா, போன வாரம் பதினாலு கறந்துச்சே?" என்றாள் சோதிக்க வந்த அலுவலர் சுகந்தி.

"தண்ணி காட்டலீங்க அம்மணி. எடை கொறையட்டும்னு..." தெய்வானை சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வாரம் பொறுங்க. மறுபடி கறந்துரும்."

"பதிஞ்சாச்சுங்க்கா. இனி என் கையில ஒண்ணுமில்லீங்க."

வண்டி வந்து நின்றது. தெய்வானை ஓடிப்போய்க் குழாயில் வாளி நிறையப் பிடித்துவந்து மாட்டின் வாயருகே ஏந்தினாள். மாடு ஒரே மூச்சில் உறிஞ்சியது. மேடையின் எண் ஐந்நூற்று எழுபதுக்கு ஏறியது.

"அக்கா, எடை ஏறுதுங்க."

"ஏறட்டும் அம்மணி. இன்னும் தாகம் அடங்கல" என்று அவள் அடுத்த வாளிக்கு ஓடினாள்.