இன்னொரு டம்ளர்

"இன்னும் ஒரு டம்ளர் குடிங்க."

பஸ் டிரைவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அவளுடைய அம்மா இறந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனைவி, இன்று அவளாகவே எலுமிச்சை ஜூஸ் கலந்து தருகிறாள். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"அத்தை போடற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. டியூட்டியில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி ஒன்றுக்குப் போக முடியாது என்பதால் தண்ணீரில் தொண்டையை நனைப்பதோடு சரி. லீவு நாளில் மாமியார் வீட்டுக்குப் போனால், மாப்பிள்ளை காய்ந்து வந்திருக்கிறாரே என்று அந்த அம்மாள் சொம்பு சொம்பாக ஜூஸ் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி எடுக்கும். மறுநாள் ஸ்கேனில் ஒன்றுமே இருக்காது.

மாமியார் எதையோ கலந்து கொடுக்கிறாள் என்று டிரைவரின் வீட்டார் முடிவு கட்டினார்கள். அவரும் நம்பினார், மனைவியைப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க விடவில்லை. பாவம், அந்தப் பழியோடுதான் அந்த அம்மாள் கண்ணை மூடினார்.

மனைவி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

திடீரென்று அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வியர்த்துக் கொட்டியது.

"பழி வாங்கிட்டியா? என்னத்தைக் கலந்தே?"

அவள் கைத்தாங்கலாகப் பிடித்துக் காரில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் திரையைப் பார்த்த டாக்டர் அவளிடம் திரும்பினார்.

"நான் சொன்ன மாதிரி வலி இருக்கும்போதே கூட்டிட்டு வந்தீங்க, நல்லதாப் போச்சு. சிறுநீரகத்துல இருந்து நீர் இறங்கற வழி குறுகலா இருக்கு. மொத்தமாக் குடிச்சா தேங்கி வீங்கிடுது. வடிஞ்சப்புறம் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம்."

ஊசி போட்டு வலி அடங்கிய பிறகும் டிரைவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அத்தை மேல எந்தத் தப்பும் இல்லைன்னு எங்க வீட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே சொல்றேன்" என்றார்.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வெடித்தது.

"எங்கம்மாகிட்ட யாருங்க சொல்றது?"