ஷியாமளாவின் கல்யாணம்

"சாகப்போறவனுக்கு எதுக்குடி கழுத்தை நீட்டறே?"

சகுந்தலா குரலை அடக்கித்தான் கேட்டாள். உள்ளறையில் சிவராஜ் படுத்திருந்தார்.

ஷியாமளா அடுப்பைத் தணித்தாள். "மெதுவா பேசு சித்தி. அவர் காதுல விழும்."

"விழட்டுமே. ஈரல் கெட்டுப்போச்சுன்னு நர்சிங் ஹோம் டாக்டரே கையை விரிச்சு வீட்டுக்கு அனுப்பியாச்சு. மதுரையிலேர்ந்து அவனோட அண்ணன்காரன் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. நீ என்னடான்னா வெள்ளிக்கிழமை தாலிங்கறே!"

அம்மா போன பிறகு ஷியாமளாவையும் அவள் அண்ணன் சந்தானத்தையும் வளர்த்தவள் சகுந்தலா. அந்த உரிமையில்தான், விஷயம் கேள்விப்பட்ட கையோடு டாலிகஞ்சிலிருந்து ஆட்டோ பிடித்து பாலிகஞ்ச் வந்திருந்தாள்.

சிவராஜும் சந்தானமும் கிடர்பூர் துறைமுக ஆபீசில் ஒரே செக்‌ஷன். சிவராஜ் மாற்றலாகி வந்த புதிதில், வீடு கிடைக்கும் வரை ஒரு மாதம் என்று அண்ணனும் தங்கையும் இருந்த இந்த ஃப்ளாட்டுக்கு வந்தார். பதினைந்து வருஷமாகிவிட்டது. அப்புறம் வீடு தேடியதாகத் தெரியவில்லை. நவராத்திரிக்குப் பூஜா பந்தல் பார்க்கப் போனாலும் மூன்று பேருமாகத்தான் போவார்கள்.

ஷியாமளா ஸ்கூல் டீச்சர். வந்த வரனையெல்லாம் வேண்டாமென்று சொல்லியே நாற்பதைத் தொட்டுவிட்டாள். காரணம் சகுந்தலாவுக்கு இப்போதுதான் பிடிபட்டது.

"இதுக்காகத்தான் அத்தனை ஜாதகத்தையும் தட்டிக் கழிச்சியா? அப்பவே வாயைத் திறந்திருந்தா, ஜாதியாவது ஒண்ணாவதுன்னு நானே பண்ணி வச்சிருப்பேனே. நல்லா இருந்தப்போ விட்டுட்டு, இப்ப போய்..."

ஷியாமளா சாதத்தை வடிக்கத் திரும்பிவிட்டாள். இவளிடம் பேசிப் பயனில்லை என்று சகுந்தலா கூடத்துக்கு வந்தாள்.

அங்கே சந்தானம் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். வங்காளியில் காரசாரமான விவாதம். ஹாலந்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டதாம். இங்கேயும் வேண்டுமென்று ஒரு வக்கீலம்மா வாதாடினாள். எதிரே இருந்தவர் அவளைப் பேசவிடவில்லை.

"கேட்டியாடா கூத்தை?" சகுந்தலா மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வீட்டுல இருந்துட்டுப் போகட்டும், யார் கேக்கப் போறா? சட்டம் எதுக்கு, ரிஜிஸ்தர் எதுக்கு? மனசு ஒத்துப்போனா போறாதா?"

"போறும்னுதான் நானும் நினைச்சுண்டிருந்தேன்" என்றான் சந்தானம்.

"போகட்டும். அதைப் பாக்கறச்சே இவ கல்யாணம் எவ்வளவோ தேவலை. ஜாதி வேறன்னாலும் ஆம்பளையும் பொம்மனாட்டியும்தானே!"

சந்தானம் சத்தமாகச் சிரித்துவிட்டான். சிவராஜ் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிவராஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாலி கட்டினார். முதல் முடிச்சிலேயே அவர் களைத்துவிட்டதால் மிச்ச முடிச்சுகளைச் சகுந்தலாவே போட வேண்டியிருந்தது. அங்கிருந்து நேரே ரிஜிஸ்டிரார் ஆபீஸ். எல்லாம் முடிந்து டாக்சியில் ஏறும்போது சகுந்தலா அழுதேவிட்டாள். ஒருத்தியால் இப்படியும் ஆசை வைக்க முடியுமா?

அந்த மாதக் கடைசியில் சிவராஜுக்கு நினைவு தப்பியது. மறுபடியும் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். தகவல் போய், மதுரையிலிருந்து அவர் அண்ணன் மாரியப்பனும் வந்து சேர்ந்தார்.

"தம்பிய ஊருக்குக் கொண்டு போயிடுறேன், டாக்டர். ஆத்தா ஒரு தடவ மொகத்தப் பாத்துடணும்னு அழுவுது."

மாரியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். சகுந்தலா அதை ஹிந்தியில் டாக்டரிடம் சொன்னாள்.

"ரயில் பயணம் தாங்க மாட்டார்" என்றார் டாக்டர். "ஆனா முடிவு குடும்பத்தோடது. நான் யார் பேச்சைக் கேட்கணும்?"

"நான் கூடப் பொறந்தவன்" என்றார் மாரியப்பன்.

"நான் மனைவி" என்றாள் ஷியாமளா. "அவர் இங்கேதான் இருப்பார். அவர் அம்மாவை நாங்க வரவழைக்கறோம்."

டாக்டர் ஷியாமளாவைப் பார்த்துத் தலையசைத்தார். மாரியப்பன் அவள் கழுத்துத் தாலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சகுந்தலாவுக்குத் தான் வளர்த்த பெண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம். நீங்க வாங்க, பௌதி" என்று ஷியாமளாவை வங்காளியில் அண்ணி என்று கூப்பிட்டாள்.

ஷியாமளா நகரவில்லை. சுவரோரமாக நின்றிருந்த அண்ணனைக் காட்டினாள். "இவர் இருப்பார். மனைவி நான் சொல்றேன், இவரை விடுங்க."

சந்தானம் கிட்டத்தட்ட ஓடினான். கதவு மூடிக்கொண்டது.

"அசடே!" சகுந்தலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கட்டினவ நீ குத்துக்கல்லாட்டம் நிக்கறச்சே அவன் எதுக்குடி உள்ளே?"

"போன தடவை அவர் இங்கே கிடந்தப்போ, 'நீ யாரு'ன்னு கேட்டு அண்ணாவை இந்த வாசல் தாண்ட விடலை, சித்தி" என்றாள் ஷியாமளா. "அதனாலதான் நான் தாலி கட்டிண்டேன், இந்தப் பதினஞ்சு வருஷமும் அவரோட குடித்தனம் பண்ணினது அண்ணாதான்."