இரண்டு மணி நேரக் கரை

திரையில் மூன்று மாலுமிகள் பாடிக்கொண்டே கப்பலிலிருந்து குதித்து இறங்கினார்கள்.

அவன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

பழைய ஹாலிவுட் படம். மூன்று பேருக்கும் ஒரு நாள் விடுப்பு. வெள்ளை உடுப்பு கசங்காமல் ஊரெல்லாம் ஆடினார்கள். எதிர்ப்பட்ட பெண்களும் சேர்ந்து ஆடினார்கள்.

கப்பலின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் எல்லோரையும்விட உரக்க. ஆட்கள் வாடிப்போய்க் கிடக்கிறார்களே என்று படத்தைத் தேடிப்பிடித்துப் போட்டவர் அவர்தான்.

வட்ட ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடி.

அவன் பிறந்த ஊர். வீடு ஆட்டோவில் இருபது நிமிடம். வீட்டில் ஏழு மாதக் குழந்தை. அதை அவன் போனில் மட்டுமே பார்த்திருக்கிறான்.

தொற்றுக் காலம். கப்பலைவிட்டு ஒருவரும் இறங்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு. மூன்று நாளாகக் கேட்டான். கெஞ்சியும் பார்த்தான். நேற்று அவன் மனைவி ஜெனோவா குழந்தையோடு துறைமுக வாசல்வரை வந்து, வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். கப்பலின் புகைபோக்கிகூடத் தெரியவில்லை என்றாள்.

ஆனால் நிலக்கரி இறக்க ஷிஃப்டுக்கு ஒரு கூட்டம் ஏறி வருகிறது. அவன் பக்கத்திலேயே நின்று இருமுகிறார்கள். டீ குடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள்.

ஏறி வருகிறவனோடு வராத நோய், இறங்கிப் போகிறவனோடு மட்டும் வந்துவிடுமாம்.

அவன் எழுந்தான். திரையைக் காட்டிக் கேப்டனிடம் கேட்டான்.

"இவங்க எந்தக் கம்பெனி, சார்?"

சிரிப்பு நின்றது. டி.வி. மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

கேப்டன் தன் தட்டைப் பார்த்தார். உத்தரவு தன்னுடையது இல்லை என்றார், நான்காவது முறையாக.

அவன் நேரே சரக்கு அறைக்குள் இறங்கினான். அங்கே கூலியாட்கள் ஒட்டிக்கிடந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி பொன்னுதுரை. உள்ளூர்க்காரர். மூன்று நாளாக அவன் புலம்பலைக் கேட்டவர்.

பழைய சட்டை ஒன்று வேண்டும் என்றான்.

பொன்னுதுரை ஏன் என்று கேட்கவில்லை. சட்டையைக் கொடுத்தார். பிறகு கீழே குனிந்து, ஒரு கை கரியை அள்ளி, அவரே அவன் முகத்தில் தேய்த்தார்.

நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. கரி படிந்த முகங்களுக்கு நடுவே இன்னொரு கரி முகமாக அவன் ஏணியில் இறங்கினான். அங்கே யாரும் ஆடவில்லை.

துறைமுக வாசலில் காவலர் தலைகளை எண்ணினார். ஒன்று அதிகம். மறுபடி எண்ணினார்.

"காலையில தப்பா எண்ணியிருப்பிய," என்றார் பொன்னுதுரை.

காவலர் நோட்டில் காலைக் கணக்கை அடித்துத் திருத்தினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

ஆட்களை ஏற்றிப் போகும் வேனில் பொன்னுதுரை மெதுவாகச் சொன்னார். ஆறு மணிக்கு இதே கூட்டம் ஓவர்டைமுக்கு, கழுவாத முகத்தோடு, மறுபடி உள்ளே போகும்; ஐந்தே காலுக்கு வேன் அவன் தெருமுனைக்கு வரும். காவலர் பார்த்த இதே சட்டை, இதே முகத்தோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். தவறினால் வேலை போய்விடும். இனி எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள்.

கதவைத் திறந்த ஜெனோவாவுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் கைகளை நீட்டினான்.

குழந்தை அந்த முகத்தைப் பார்த்தது. வீறிட்டது. அவன் கிட்டே வர வர, தாயின் கழுத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

ஜெனோவா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

கழுவக் கூடாது என்றான். ஏன் என்றும் சொன்னான். வேலையைச் சொன்னான். கம்பெனியைச் சொன்னான்.

அவள் நின்றபடியே கேட்டாள். அழவில்லை.

"சொந்த வீட்டுக்குக் களவாணி மாதிரி வந்திருக்கிய. அப்படியே போகவும் போறியளா?"

மணி ஐந்தே கால். தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது. குழந்தை இன்னும் விம்மிக்கொண்டிருந்தது.

ஹார்ன் மறுபடியும் கேட்டது.

அவன் செம்பை வாங்கினான்.

முதல் தண்ணீர் கறுப்பாக விழுந்தது. இரண்டாவதும் கறுப்பாகத்தான் விழுந்தது.

அவன் சோப்பு கேட்டான்.