மணி அடிக்காத படகு

கணவன் செலஸ்டினுக்குச் சாட்டிலைட் போன் வாங்கலாமா என்று கேட்க, பிபியானா பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் போனாள். லூர்தம்மாளின் கணவர் போனோடுதான் ஆழ்கடலுக்குப் போனார். கரைக்கு வரவேண்டிய நாள் தாண்டி ஒரு மாதமாகிவிட்டது.

மேசைமேல் இருந்த, அந்தப் போனின் செய்தியை வாங்கும் கருவி அவருடைய குரலில், "நலமா இருக்கேன்" என்றது.

"அண்ணன் பேசுகாரா?"

"இல்ல பிள்ள. போவும்போது பதிஞ்சு வச்சது. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க படகுல இருந்து அதுவா அனுப்பும். ஆபத்துன்னு அவரு அமுக்கினாத்தான் மாறும். சார்ஜும் வெயில்லயே ஏறிக்கிடும்."

முன்பெல்லாம் ஒரு படகு வரத் தாமதித்தால் கோயில் மணி அடிப்பார்கள். மற்ற படகுகள் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போகும். பிபியானாவின் அப்பாவை அப்படித்தான் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

"மணி அடிக்கச் சொல்லலியாக்கா?"

"மூணு மட்டம் கோயில் கமிட்டில போய்க் கேட்டாச்சு. நலமா இருக்கவனை எதுக்குத் தேடணும்னு கேக்காவ. அழுதாக்கூட, அபசகுனமா வாயை வைக்காதங்காவ."

பிபியானா வீட்டுக்கு வந்தாள். செலஸ்டின் போனுக்கான படிவத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"இது வேண்டாம். நீங்க வரலன்னா நாலு பேரு தேடணும்."