இரண்டாம் கட்ட ஏவுகணை

“தொடாதேய்யா! தொட்டா எல்லாரும் தொலைஞ்சோம்!”

கேப்டன் போட்ட சத்தத்தில், ஏவுகணையை நோக்கி நீண்ட சமையல்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. எல்லைக் காவல் முகாமின் நடுவே பச்சைப் பசேலென்று மினுமினுத்தது அது.

“பெயிண்ட் இன்னும் காயலை” என்றார் கேப்டன்.

“இல்ல சார், உச்சியில இருக்கற புனலை மட்டும் உருவிக்கறேன். அடுப்புக்கு எண்ணெய் ஊத்தணும், சமையல் நிக்குது.”

“மந்திரி போற வரைக்கும் அது புனல் இல்ல. ஏவுகணையோட மூக்கு!”

ராணுவத்தை நவீனமாக்கும் இருபதாண்டுத் திட்டத்தில் இந்த முகாமுக்கு இதுவரை வந்து சேர்ந்தது, ‘இங்கே ஏவுகணை உள்ளது’ என்ற பலகை மட்டும்தான். ஆனால் இரண்டாம் கட்டம் வெற்றிகரமாக முடிந்ததாக மேலிடம் அறிக்கை விட்டுவிட்டது. பார்வையிட மந்திரியும் கிளம்பிவிட்டார். வேறென்ன செய்வது, காலி டீசல் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வெல்டிங் வைத்துவிட்டார்கள்.

கேப்டனுக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. மந்திரி மனம் குளிர்ந்தால்தான் ஊருக்கு மாற்றல். “என் பொண்ணு போன்ல என்னை அங்கிள்னு கூப்பிடுதுய்யா” என்று அவர் சமையல்காரரிடம் புலம்பாத நாளில்லை.

இது போதாதென்று, வேலிக்கு அந்தப் பக்கம் எதிரி முகாம் வேறு. அவர்கள் காலையிலிருந்து தரையைப் பெருக்குவதும், பாதையோரக் கற்களுக்கு வெள்ளையடிப்பதுமாக இருந்தார்கள். அந்த நாட்டு கேப்டன் மட்டும் பைனாகுலரை இறக்காமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்திரி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“எவ்வளவு தூரம்யா போகும்?”

“அது... காத்தைப் பொறுத்ததுங்க ஐயா.”

“சத்தம் பலமா வருமா?”

“தட்டினா வருங்க!” என்று முந்திக்கொண்டார் சமையல்காரர். கேப்டன் அவர் காலை நறுக்கென்று மிதித்தார்.

மந்திரிக்குப் பரம திருப்தி. ஏவுகணையில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். மாற்றல் உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, முதுகெல்லாம் பச்சை பெயிண்டோடு காரில் ஏறிப் போனார். கேப்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“சார், அந்த எதிரி கேப்டன் வேலிகிட்ட வந்து நின்னு உங்களைக் கூப்பிடறாரு” என்றார் சமையல்காரர்.

கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். போச்சு, குட்டு உடைந்தது! விஷயம் வெளியே தெரிந்தால் மாற்றல் மட்டுமா, வேலையே போய்விடும். மெல்ல வேலியருகே போனார்.

“காலையிலேர்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டேன் சார்” என்றார் எதிரி கேப்டன்.

“இப்ப... என்ன சார் பண்ணப்போறீங்க?” என்றார் கேப்டன்.

எதிரி கேப்டன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேலியில் வாயை வைத்துக் கிசுகிசுத்தார்.

“நாளைக்கு எங்க மந்திரி வர்றாரு சார். ஒரே ஒரு நாள் இரவல் குடுங்க!”